ஏறுவதற்கு ஹெரால்ட், இறங்குவதற்கு மாருதி

குரோம்பேட்டை,
ஜனவரி 8

அன்புள்ள மாப்ளே,

நலம், நலமறிய ஆவல். சேலத்திலிருந்து திரும்பி மூன்று வாரமாகிறது. தங்கச்சி கட்டிக்கொடுத்த தட்டுவடை நேற்றுதான் தீர்ந்தது. கடைசி நாலு வடையை டப்பாவோடு ஒளித்து வைத்திருந்தேன், பேத்தி கண்டுபிடித்துவிட்டாள். இடது முழங்கால் மட்டும் இன்னும் முனகுகிறது. எழுபது வயதில் இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் கிளட்ச் மிதித்தால் அது என்ன செய்யும் பாவம்.

போன் பண்ணாமல் எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று பதில் சொல்லிவிடுவாய். கிளம்பும்போது ரயில் நிலையத்தில் நீ கேட்டதற்கு இங்கே வந்து யோசித்துப் பதில் சொல்கிறேன் என்றேன். பையன் வீட்டை இடித்துக் கட்டப்போகிறான், ஷெட் போய்விடும், நிறுத்த ஒரு வண்டிக்குத்தான் இடம். "அப்பாவோட ஹெரால்டா, இந்த மாருதியா, நழுவாம சொல்லு" என்றாய். நழுவவில்லை. ஆனால் சுற்றித்தான் வருவேன்.

நீ அன்று ஒரு நல்ல காரியம் செய்தாய், தெரிந்து செய்தாயோ தெரியாமலோ. ஒரே நாளில் இரண்டு வண்டியையும் ஏற்காட்டுக்கு ஏற்றி இறக்கினோமே, முப்பது வருஷம் பாலிடெக்னிக்கில் கரும்பலகையில் நான் வரைந்ததெல்லாம் அந்த ரோட்டில் இருந்தது. காலையில் உங்கப்பாவின் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார். மழை விட்டு ரோடு இன்னும் ஈரம். மூன்றாவது வளைவிலேயே கவனித்தேன், 948 சிசி என்ஜின், பலம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனாலும் ஒரு சக்கரம்கூட வழுக்கவில்லை. ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்னால் சாய்கிறது. தள்ளுகிற சக்கரமும் பின்னால்தான் இருக்கிறது. பாரம் விழுகிற இடத்திலேயே பிடிப்பும். மத்தியானம் மாருதியில் ஏறினோம். பாதி ஏற்றத்தில், அந்தப் பாறை ஒட்டிய வளைவில், ஃபர்ஸ்ட் கியரில் நீ கொஞ்சம் அழுத்தினாய். உள்பக்க முன்சக்கரம் கீச்சென்று சத்தம் போட்டது. "டயர் பழசு" என்றாய். டயர் மேல் பழி போடாதே. இழுக்க வேண்டிய சக்கரத்தின் மேல் இருந்த பாரம் பின்னால் போய்விட்டது, அது எதைப் பிடித்துக்கொண்டு இழுக்கும்?

வளைவில் திரும்புவதிலும் அன்று ஹெரால்டுதான் ஜெயித்தது. அந்த வண்டி 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். லண்டன் டாக்ஸிக்குச் சொல்கிற அதே கணக்கு. ஆரம் என்று பார்த்தால் 3.8 மீட்டர். மாருதி 800-க்கு 4.4. பாதி நீளம்தான் இருக்கிறது என்று நாம் கிண்டலடித்த வண்டி, சந்தில் திரும்ப அதிக இடம் கேட்கிறது! ஹெரால்டின் முன்சக்கரத்துக்குத் திரும்புவதைத் தவிர வேறு வேலை கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் மடங்கும். மாருதியின் முன்சக்கரத்துக்குள் ஷாஃப்ட் ஓடுகிறது, அந்த ஜாயின்ட் ஓர் அளவுக்கு மேல் மடங்காது.

1984-ல் தாம்பரத்தில் நாம் உட்கார்ந்து டீ குடிப்போமே அந்த மெக்கானிக் ஷெட், ஞாபகம் இருக்கிறதா? முதல் மாருதி அங்கே வந்த அன்று கூட்டம் கூடிவிட்டது. நான் சர்டிபிகேட் வாங்கிய மேதாவி, எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்: ஒரே சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், இரண்டு வேலை பார்த்தால் சீக்கிரம் போய்விடும், நம்ம ரோட்டுக்குத் தாங்காது என்று. கேட்டுக்கொண்டே இருந்த பெரியவர், மூன்றாம் வகுப்பு தாண்டாதவர், ரெஞ்சைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏன் தம்பி, மாடு ரெண்டு வேலையும் பாக்குதே?" அதோடு என் விளக்கம் முடிந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஃப்ரன்ட் வீல் டிரைவ் பாடத்தை அந்த மாட்டிலிருந்துதான் தொடங்கினேன். அவர் பெயரைச் சொன்னதே இல்லை என்பது இப்போது உறுத்துகிறது.

இறக்கத்துக்கு வருகிறேன். அங்கேதான் கணக்கு தலைகீழ். ஹெரால்டின் பின்பக்க அமைப்பு உனக்கே தெரியும்: என்ஜினின் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற கிரவுன், சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தோடு பூட்டி நிற்கிறது, இரண்டு பக்கமும் ஷாஃப்ட் தனித்தனியாக இறக்கை மாதிரி மேலும் கீழும் ஆடும், குறுக்கே ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டை. ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் உள்முனையில்தான் கிராஸ் ஜாயின்ட் என்கிற மடங்கும் மூட்டு. அதனால் சக்கரம் எப்போதும் ஷாஃப்டுக்குச் செங்குத்தாகவே நிற்கும். நேர் ரோட்டில் சொகுசு. இறக்க வளைவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்கினாலோ பிரேக் பிடித்தாலோ, வண்டியின் பின்பாகம் எழும்பும். ஷாஃப்ட் இரண்டும் கீழே சாயும். வெளிப்பக்கச் சக்கரம் உடம்புக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். டயரின் விளிம்பு மட்டும் ரோட்டில். வால் சுழன்றுவிடும்.

உங்கப்பா இந்தத் தத்துவம் எதையும் படித்தவரில்லை. "வளைவுக்கு முன்னாடி பிரேக்கைப் போட்டு முடிச்சுடு. உள்ள போனதும் காலைத் தூக்காதே" என்று மட்டும் சொல்வார். நானூறு பக்கப் புத்தகம் சொல்வது அதைத்தான். அன்று இறங்கும்போது நீ அப்படியே ஓட்டினாய். உன் தோள் இறுகியிருந்ததையும் பார்த்தேன். சாயங்காலம் மாருதியில் அதே இறக்கம், பனி வேறு. நீ ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேத்தியின் மார்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாய். இறக்கத்தில் பாரம் முன்னால் வருகிறது, என்ஜினும் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வேகம் கூடிப்போனால் மூக்கு கொஞ்சம் வெளியே போகும், காலைத் தூக்கினால் திரும்ப உள்ளே வரும். பயந்தவன் இயல்பாக என்ன செய்வானோ அதுவே சரியான செயலாக இருக்கிற வண்டி அது. மாருதியைப் பற்றி நான் சொல்லக்கூடிய பெரிய பாராட்டு இதுதான்.

ஒரு வேடிக்கை பார். ஹெரால்ட் இங்கிலாந்தில் வந்தது 1959 ஏப்ரலில். அதே வருஷம் ஆகஸ்டில் அங்கேயே மினி என்ற குட்டிக் கார் வந்தது: என்ஜினைக் குறுக்கே வைத்து, கியர் பாக்ஸை அதன் வயிற்றுக்கடியில் செருகி, முன்சக்கரத்தை ஓட்டிய வண்டி. அலெக் இசிகோனிஸின் வேலை. ஐந்து வருஷம் கழித்து இத்தாலியில் தாந்தே ஜகோசா கியர் பாக்ஸை என்ஜினுக்குப் பக்கத்திலேயே வரிசையாக வைத்துக் காட்டினார். உன் மாருதியிலிருந்து இன்றைக்கு ரோட்டில் ஓடுகிற சின்ன வண்டி பெரும்பாலும் அந்த வழிதான். ஆக, ஒரே வருஷத்தில் நான்கு மாத இடைவெளியில் பழைய முறையும் புதிய முறையும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிலில் கிடந்திருக்கின்றன. நமக்கு வந்து சேர்ந்தது ஹெரால்ட்.

அதுவும் சேஸிஸ் தனி, பாடி தனி என்கிற அந்தக் காலத்துக்கே பழைய பாணியில் வந்தது விருப்பப்பட்டு இல்லை. இங்கிலாந்தில் ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் கம்பெனிக்கு பாடி அடித்துக்கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி 1953-ல் வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்துகொடுக்க ஆள் இல்லை. சரி, துண்டு துண்டாகப் பல இடத்தில் அடித்து சேஸிஸ் மேல் போல்ட் போட்டுப் பூட்டிவிடுவோம் என்று இறங்கினார்கள். மிக்கெலோத்தி என்ற இத்தாலியர் அந்தத் துண்டுகளுக்கே ஓர் அழகைக் கொடுத்துவிட்டார். அந்தக் கஷ்டத்தில் பிறந்த வடிவம் நமக்குத் தோதாகப் போனது: பெட்டியில் கொண்டுவந்து பூட்ட வசதி. 1961 முதல் ஜி.எஸ்.டி. ரோட்டில், பெருங்களத்தூரில், ஸ்டாண்டர்ட் கம்பெனி அதைச் செய்தது. நாலு கதவு ஹெரால்ட் என்ற ஒன்றை இங்கிலாந்துக்காரன் செய்ததே இல்லை, நம்மவர்கள் செய்தார்கள். ஹெரால்டுக்கு அடுத்து கசெல் என்ற வண்டி வந்தபோது அந்த ஆடும் ஷாஃப்டையும் தூக்கிவிட்டு, இரண்டு சக்கரத்தையும் ஒரே அச்சாகப் பூட்டுகிற சாதாரண ஹவுசிங் போட்டார்கள். உங்கப்பா கசெலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "பின்னாடி மரக்கட்டை வச்சிருக்கான்" என்றது எனக்கு இன்னும் கேட்கிறது. இப்போது அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டிடங்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு பிள்ளைகள். மின்சார ரயிலில் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்க்கிறேன்; எதைத் தேடுகிறேன் என்று பக்கத்தில் இருப்பவனுக்குப் புரியாது.

ஹெரால்டின் பானெட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நன்றிகெட்டவன் ஆவேன். மட்கார்டு, விளக்கு, மூக்கு எல்லாமே ஒரே துண்டாக முன்னால் கவிழும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு வால்வு கிளியரன்ஸ் பார்க்கலாம். டாக்டர் எக்ஸ்ரே படம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், இங்கே ஆளையே திறந்து வைத்திருக்கிறான். நான் என்ஜினைக் கற்றுக்கொண்டது வகுப்பறையில் இல்லை, உங்கள் வீட்டு வேப்பமரத்தடியில், அந்த டயர் மேல் உட்கார்ந்து.

அந்த டயர்தான் 1981-ல் மடங்கியது. இதை உன் பேரப்பிள்ளைகளிடம் நீ கதையாகச் சொல்லிச் சிரிக்கிறாய், அதனால் சரியான காரணத்தை எழுதியே கொடுத்துவிடுகிறேன். முன்சக்கரம் திரும்புவது ட்ரனியன் என்ற பித்தளைக் கட்டையில். நெட்டுத்தண்டு அதற்குள் திருகு மறையோடு இறங்கி நிற்கும். அதற்குக் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் அடிக்கக் கூடாது. கிரீஸ் அடித்தால் மறைக்குள் முழுதாக இறங்காது, தண்ணீர் புகுந்து உள்ளேயே துருப்பிடிக்கும், ஒருநாள் தண்டு ஒடியும். நிப்பிள் மாதிரி ஒன்று தெரிந்தது, நான் கன்னை வைத்து கிரீஸ் அடித்தேன். இரண்டு மழைக்காலம் அடித்தேன். உன் அக்கா கல்யாணப் பத்திரிகை கொடுத்துவிட்டு வரும்போது, நல்லவேளை மாட்டு வண்டி வேகத்தில், செங்கல்பட்டுக்கு வெளியே இடது சக்கரம் உள்ளே படுத்துக்கொண்டது. உங்கப்பா இறங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

இப்போது மாருதி. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் சாவியை ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்த படம் பேப்பரில் வந்தபோது நீ முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தாய். உன் வண்டி 1985-ல் வந்தது. எஸ்எஸ் 80, அதாவது ஜப்பானில் 1979-ல் வந்த முதல் ஆல்டோவின் உருவம். 796 சிசி, மூன்று சிலிண்டர், நாலு கியர், பன்னிரண்டு இன்ச் சக்கரம். 1986-லேயே உருவத்தை மாற்றிவிட்டார்கள், அதனால் உன்னுடைய ஜாடையில் உள்ளவை இரண்டரை மூன்று வருஷ வண்டிகள் மட்டும்தான். ஊரெல்லாம் மாருதி என்று நினைக்கிற வண்டி உன் வண்டி இல்லை, அதற்கு அப்புறம் வந்தது.

உன்னுடையதற்குப் பாகம் கிடைக்கவில்லை என்று புலம்பினாயே, அதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 1966 ஹெரால்டுக்கு ட்ரனியன் இன்றைக்கும் புதிதாக இங்கிலாந்தில் செய்து விற்கிறான். பணம் கட்டினால் வீட்டுக்கு வரும். 1985 மாருதிக்கு இண்டிகேட்டர் கண்ணாடி கிடைக்காமல் நீ ஆறு மாதம் அலைந்தாய். ஹெரால்டை அன்றே பாதுகாத்தார்கள். எஸ்எஸ் 80-யை யாரும் பாதுகாக்கவில்லை, ஓட்டினார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, திருப்பதி என்று அதிலேயே ஓட்டித் தீர்த்து, துரு பிடித்ததும் எடைக்குப் போட்டுவிட்டு அடுத்த மாருதி வாங்கினார்கள். ஹர்பால் சிங்கின் அந்த முதல் வண்டிகூட அவர் காலத்துக்குப் பிறகு டெல்லியில் வீட்டு வாசலில் வெயிலில் கிடந்தது. படங்கள் பரவிய பிறகுதான் எடுத்துப் பழுது பார்த்து, இப்போது கம்பெனித் தலைமையகத்தில் வைத்திருக்கிறார்கள். முதல் வண்டிக்கே அந்தக் கதி என்றால் மற்றவற்றைக் கேட்க வேண்டாம்.

சட்டமும் அப்படித்தான். 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் என்று தனிப் பதிவு, நம்பரில் விஏ என்ற எழுத்து. ஹெரால்டுக்கு அந்தத் தகுதி எப்போதோ வந்துவிட்டது. அதை வாங்கினால் தினமும் ஓட்டக் கூடாது என்பது வேறு விஷயம், கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான். மாருதி 2035 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அது வெறும் பழைய வண்டி. அப்போது நமக்கு எண்பது. எனக்கு எந்த முழங்கால் மிச்சமிருக்குமோ.

தங்கச்சி அன்று ராத்திரி சொன்னதை நீ கேட்கவில்லை, கேட்டைப் பூட்டப் போயிருந்தாய். "ஹெரால்டுல உக்காந்தா மாமனார் பின் சீட்டுல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கும் அண்ணே. சாவியைக் கேக்கவே பயம். இது வந்தப்புறம்தான் நான் எங்க வேணாலும் போனேன்." உன் கல்யாணம் ஆகி ஆறு வருஷம் அந்த வீட்டில் ஒரு கார் நின்றது, அவள் பஸ்ஸில் போனாள். மாருதி வந்த நாலாவது மாதம் லைசென்ஸ் எடுத்தாள். உங்கம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி நீ ஊரில் இல்லை, ஓட்டிப்போனது அவள்தான். லேசான கிளட்ச், பெண்டு எடுக்காத ஸ்டியரிங், எல்லா கியரும் சொன்னபடி விழும். ஹெரால்டில் ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோ, அதாவது கியரை உரசாமல் விழவைக்கிற அமைப்பு, கிடையாது; வண்டி ஓடும்போது போட டபுள் கிளட்ச், அதாவது கிளட்சை இரண்டு தடவை மிதித்துக் கியர் போடுகிற வித்தை, தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்தவன்தான் டிரைவர் என்று நாம் மீசை முறுக்கிக்கொண்டிருந்தோம். தெரியாதவர்களை வெளியே நிறுத்திய பூட்டு அது என்று எனக்கு அன்றைக்குத்தான் பட்டது.

ஆகவே, நழுவாமல்: மாருதியை வைத்துக்கொள்.

கோபப்படாதே, முழுதாகப் படி. ஹெரால்டை நீ விற்றாலும் அது சாகாது. வாங்குபவன் தலையில் வைத்துக் கொண்டாடுவான், பெயின்ட் அடிப்பான், வருஷத்துக்கு ஒருமுறை ஊர்வலம் போவான். மாருதியை விற்றால் அது இரும்புக் கடைக்குத்தான் போகும். அதுவுமில்லாமல் ஒன்று உன் அப்பாவின் வண்டி, மற்றது உன் வீட்டு வண்டி.

இதில் என் சுயலாபம் இருக்கிறதா என்று தங்கச்சி கேட்பாள். இருக்கிறது. எங்கள் ஃபிளாட்டில் எனக்கு ஒரு கார் நிறுத்த இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் இப்போது பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டரும் உடைந்த வாஷிங் மெஷினும் இருக்கின்றன. இரண்டையும் எடுக்கச் சொல்லியாகிவிட்டது. விலை என்று ஒன்று நீ சொல்ல வேண்டும். சும்மா கொடுத்தால் வாங்க மாட்டேன். செங்கல்பட்டுக் கணக்கு ஒன்று என் பேரில் பாக்கி இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்.

பொங்கல் கழித்து, தை பிறந்து இரண்டாவது வாரம் வருகிறேன். அதற்குள் ஹெரால்டை ஸ்டார்ட் பண்ணி ஷோ காட்டாதே. இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது. பெட்ரோல் வாடை வருகிறது என்று நீ சொன்னது பைப்பாகவோ பம்ப் டயஃப்ரமாகவோ இருக்கும். டேங்கை வடித்து வை. மாருதியில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது இடது பக்கம் கட கட என்றதே, அது ஷாஃப்ட் ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து மண் போயிருக்கும், நாள் கடத்தாமல் பார்.

ட்ரனியனுக்கு ஆயில் நானே கொண்டுவருகிறேன். கிரீஸ் கன்னை ஒளித்து வை.

உன்
பழைய கிளீனர்